நிற்கிற வண்டியின் சுருதி

ஷெரிஃப் அலுவலகத்தின் பின்னறையில்
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
எனக்கு வண்டிகள் கிடையாது,
வண்டிச் சத்தங்கள்தான்.
ஐனோ மாட்டலா மைக்கை அழுத்தும்போது
அவன் குரலுக்குப் பின்னால் பிளிமத் உறுமும்.
ஓடுகிறதா, நிற்கிறதா,
நின்றபடியே ஓடுகிறதா என்று
காதாலேயே சொல்லிவிடுவேன்.

மூன்றாவதற்கு ஒரு குமிழ் உண்டாம்.
ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், டாஷ்போர்டின் அடியில்.
கோட்டுப் பொத்தான் அளவு என்று சொல்லியிருந்தான்.
இழுத்துவிட்டால்
ஆளில்லாமலே ஆக்சிலேட்டர் மிதிபடும்.
சும்மா நிற்கிற எஞ்சின்
தன் வயிற்றுக்கு மட்டும்தான் சம்பாதிக்கும்.
கூரைமேல் சுழலும் சிவப்பு விளக்கு,
வால்வு ரேடியோ, ஹீட்டர்,
இத்தனை பேருக்கும்
பாட்டரி கடன் கொடுத்தே தீர்ந்துபோகும்.

அறுபத்தொன்று, பிப்ரவரி.
சுபீரியர் ஏரியிலிருந்து வந்த பனி
சாலையையும் பள்ளத்தையும் ஒரே தாளாக்கியிருந்தது.
"மரக்கட்டை லாரி கவிழ்ந்திருக்கு.
டிரைவர் கால் அடியில்.
ரத்தத்தை அமுக்கிப் பிடிக்கணும், போறேன்."
அவன் சொல்லும்போதே கேட்டது:
தாழ்ந்த சுருதி.
"குமிழை இழு," என்றேன்.
கதவு சாத்தும் சத்தம்கூட வரவில்லை,
மைக்கை விட்டிருந்தான்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் பனி அள்ளும் வண்டி,
அதற்கு முன்னால் வெறும் வெள்ளை.
அவர்கள் தேட வேண்டியது
சுழலுகிற ஒரு சிவப்பை.
நான் பென்சிலைச் சீவினேன்.
சீவியதையே மறுபடியும் சீவினேன்.

இருபத்திரண்டு நிமிடம் கழித்து
ரேடியோவில் ஒரு மூச்சு.
"ஹலோ?
மேல இருக்கற லைட் மங்குதாம்.
உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."
லாரிக்காரரின் மகள். லெம்பி.
எட்டு வயதோ ஒன்பதோ.
அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கும் என்பதை
அவளுக்குப் புரியவைக்கவே
பாட்டரியில் பாதி போயிருக்கும்.

"இடப்பக்கம் ஒரு குமிழ். வெளியே இழு."
"இது ஏற்கெனவே வெளியதான் இருக்கு."
"அது ஹெட்லைட். விட்டுடு. அடுத்தது."
"கண்ணாடியில கம்பி ஆடுது."
"ஆடட்டும். இன்னும் கீழே, கையால் தடவிப் பார்."
குரல் பஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.
நான் ஒருநாளும் உட்கார்ந்திராத வண்டிக்குள்
அவள் விரலைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது.
முனகல் எழுந்து, உறுமலாகி,
ஒரு சுருதியில் நின்றது.
"கத்துது!" என்று அவளும் கத்தினாள்.
"கத்தட்டும்மா. நடுவில் ஒரு முள் இருக்கே,
எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு?"
"எழுதற கை பக்கம்."
"எந்தக் கையால் எழுதுவே?"
சற்று நேரம் இரைச்சல்.
"வலது கை," என்றாள்,
என்ன கேள்வி இது என்பதுபோல.

ஒரு மணி பத்துக்கு
பனிவண்டிக்காரன் சிவப்பைப் பார்த்தான்.
கால் போயிற்று. ஆள் போகவில்லை.

விடியும் முன் ஐனோ வண்டிக்குள் ஏறினான்.
கைகளில் உணர்ச்சியில்லை.
எஞ்சின் கத்துவது காதில் விழவில்லை.
குமிழை உள்ளே தள்ளாமல் கியர் பொத்தானை அழுத்த,
பிளிமத் துள்ளிப் பாய்ந்து
பனிமேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டது.

அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன்.
சேதம்: முன் பம்பர், ஒரு விளக்கு.
காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு.
லெம்பிக்கு அதில் கட்டம் எதுவும் இல்லை.

வேலை முடிந்து கராஜுக்குப் போனேன்.
முகம் நசுங்கிய வண்டியின் கதவைத் திறந்து
இருட்டில் கீழே தடவினேன்.
இரண்டு குமிழ்கள் தவறாகத்தான் சிக்கின.