புல எண் 88/3

மாசி மாதத்து ஞாயிறு, மூன்று மணி வெயில்.
சாமியார்பேட்டையின் கடைசி வீட்டைத் தாண்டியதும்
தார் ரோடு மணலுக்குள் போனது,
வெளியே வரவில்லை.

‘இங்க ஒரு வண்டிப்பாதை இருக்கணும்’ என்றேன்.
ஏழு வருஷத்துக்கு முன் நானே அளந்து
நானே வரைந்த பாதை.
ஜுலேகா மேட்டைப் பார்த்தாள், பிறகு என்னை.
‘ஒன் கோட்டை மணலு படிக்கல போல, அரசி.’

சர்க்கரை இருநூற்று நாற்பது அவளுக்கு.
டாக்டர் நடக்கச் சொன்னார்.
சிதம்பரத்தில் வாங்கிய புது ஷூ,
அடிகளை எண்ணும் செல்போன், இலக்கு பத்தாயிரம்.
எனக்குத் தெரிந்த அடி வேறு,
பன்னிரண்டு அங்குலம், கூடாது குறையாது.
மேட்டில் இரண்டுமே பிசகின.
ஓர் அடி ஏறினால் முக்கால் அடி சறுக்கியது,
அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டது போன்.

உச்சியில் காற்று.
இராவணன் மீசை உருண்டைகள்
எங்களை முந்திக்கொண்டு ஓடின.
கீழே சவுக்குத் தோப்பின் முதல் வரிசை
இடுப்பளவு மணலில் நின்றது,
குளிக்க இறங்கி
ஏறப் பயந்தவர்களைப்போல.

அதற்குப் பின் நாற்பது ஏக்கர்.
என் பதிவேட்டில் அதற்கு ஒரே சொல்: தரிசு.
தரிசில் கிளா பூத்திருந்தது.
சூரைமுள் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தி
ஏதோ கேட்டது.
பூளைக்குள் ஒரு கீரி
நின்று, நிமிர்ந்து,
எங்களைத் தீர்வை விதிக்கத் தகாதவர்கள் என்று முடிவு செய்து
போய்விட்டது.

தானே புயலில் சாய்ந்த முந்திரி ஒன்று
படுத்த வாக்கிலேயே
முழங்கையை ஊன்றி வேர்விட்டு
பூவும் வைத்திருந்தது.
அதன் மேல் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்த்தாள் ஜுலேகா.
அரைப்படி மணல்.
‘அன்னிக்கு ராத்திரி ஓடெல்லாம் பறக்குது,
உம்மா இருட்டுல உக்காந்து
பாத்திரத்தை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.
முப்பத்தொண்ணு. இன்னும் ஞாபகம் இருக்கு.’
மறு ஷூவையும் கவிழ்த்தாள்.

பிறகு காடு.
காடு என்றால் இரண்டரை ஏக்கர்தான்,
88/3, அனாதீனம்,
உரிமை கோர ஆளில்லாதது.
உள்ளே நுழைந்ததும் வெயில்
யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றது.
வீரை, காசா, உலக்கைப் பாலை.
சருகு மிதிபடும் சத்தம் பெரிதாகக் கேட்டதால்
மெதுவாக மிதித்தோம்,
அது இன்னும் பெரிதாகக் கேட்டது.

வடகிழக்கு மூலையில் ஒரு வீரை மரம்.
அதன் வேர் இடுக்கில், பட்டை உதடுபோல் மூடி வந்த இடத்தில்
மூன்று விரல் அகலத்துக்குக் கருங்கல்.
கல்லில் அம்புக்குறி.

நான் உட்கார்ந்துவிட்டேன்.
இதைத் தேடி மூன்று முறை வந்திருக்கிறேன்.
மூன்று முறையும் எழுதினேன்: கல் காணவில்லை.
மரம் அதை விழுங்கவில்லை,
வாயில் வைத்திருந்தது.

‘எழுதப் போறியா?’
எழுதலாம். எழுதினால்
சரிபார்க்க ஒருவர் வருவார்,
அம்புக்குறி முழுசாகத் தெரியவில்லை என்பார்,
அரிவாளோடு இன்னொருவர் வருவார்.

அப்போது ஆறுமணிக்குருவி கூவியது,
இரண்டு அசை, நெற்றியில் சுண்டியதுபோல.
ஜுலேகா போனைப் பார்த்தாள்.
‘அஞ்சு அம்பத்திரண்டுதான் ஆவுது.
இதுவும் ஒன் ஆபீஸ் கணக்கு.
வா, மஃரிபுக்குள்ள வூடு போவணும்.’

பஸ் நிறுத்தத்தில் ஒன்பதாயிரத்து நானூறு.
புகையிலை விளம்பரச் சுவருக்கும் பம்ப்செட்டுக்கும் இடையே
மீதி அறுநூறையும் அவள் நடந்தாள்,
பஸ் வந்து நின்ற பிறகும்.
கண்டக்டர் விசில் ஊதினார்.
‘இருங்கண்ணே, பதினோரு அடி பாக்கி.’

அவர் இருந்தார்.
நான் படியில் நின்று
நாளைக்கு எழுத வேண்டியதை
மனதுக்குள் நான்காம் முறையாக எழுதிப் பார்த்தேன்:
கல் காணவில்லை.