மூன்று பனியன்

ராயக்கோட்டை சந்தைக்கு வெளியே வாங்கினேன்.
வெள்ளை, கை வைக்காதது, எண்பத்தைந்து அளவு.
"வீட்டுக்காரருக்கா?"
"மண்ணுக்கு."
கடைக்காரர் மீதிச் சில்லறையை
எண்ணாமலே கொடுத்துவிட்டார்.

மண் பரிசோதனை நிலையத்தில் ஒப்பந்த வேலை எனக்கு.
துணிப்பையில் வரும் மண்ணை
நிழலில் உலர்த்தி
மரச்சுத்தியால் தட்டி
இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து
குடுவையில் குலுக்கி
தழை, மணி, சாம்பல் என்று எண்ணாக்குகிறேன்,
ஆறு வருடமாக.
சல்லடைக்கு மேலே நிற்பவை:
வேர்நுனி, ஏதோ புழுவின் கூடு,
பூரானின் ஒற்றைக் கால்.
அவை குப்பைக்கு. விதி அப்படி.
உயிரோடு இருந்ததை எறிந்துவிட்டுத்தான்
மண்ணின் நலத்தை அளக்கிறோம்.

அதனால்தான் பனியன்.
பருத்தி செடியின் நார்.
பசியுள்ள மண் தின்னும்.
பசி செத்த மண் விட்டுவைக்கும்.
ஒரு சாண் ஆழம், அறுபது நாள்.

முதலாவது, திம்மராயப்பா தோட்டத்தில்.
தக்காளிமேல் தக்காளி, நடுவில் ஒரு போகம் குடைமிளகாய்,
சொட்டுக்குழாயில் நாள் தவறாமல் உரக் கரைசல்.
அவருடைய மண் அட்டையில் மணிச்சத்து அதிகம்,
சாம்பல்சத்து அதிகம்.
கண்ணாடிச் சட்டம் போட்டு
பம்புசெட்டு அறையில் மாட்டியிருக்கிறார்.

இரண்டாவது, ஜெயசுதாவின் மானாவாரிக் கொல்லையில்.
கேழ்வரகுக்கு நடுவே அவரைச் சால், ஓரத்தில் கடுகு,
கோடையில் ஆட்டுக்கிடை.
அவர் அட்டையில் எல்லாம் "குறைவு".
முத்திரை குத்தியது நான்தான்.

அறுபதாம் நாள்
திம்மராயப்பா மண்வெட்டியை ஓங்கினார்.
"கிழிஞ்சிடும், மெதுவா" என்றேன்.
கிழியவில்லை.
செம்மண் கறையோடு, ஒரு பொத்தல் இல்லாமல்
முழுப் பனியன்.
தொட்டியில் இரண்டு முறை அலசிக் கம்பியில் போட்டார்.
"போட்டுக்கலாம் போலிருக்கே மேடம்."
சிரித்தார்.
டீ வந்தது, ஆறியது.
அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயசுதா கொல்லையில் விரலால்தான் தோண்டினோம்.
முதலில் மழை மணம்,
பிறகு எட்டுக்கால் பூச்சி ஒன்று, வெள்ளைப் பூசண இழை,
வெளிச்சம் பிடிக்காமல் சுருண்ட ஒரு மண்புழு.
பனியனைக் காணோம்.
கழுத்தோரத் தையல் மட்டும் வளையமாக வந்தது,
அது பாலியெஸ்டர் நூல்.
அதில் தொங்கியபடி ஒரு சீட்டு:
நூறு சதம் பருத்தி.

"அப்போ, அட்டையில போட்ட குறைவு?"
"அதுவும் நெசந்தான்."
கொஞ்சம் யோசித்தார்.
"வாய் இருக்கு, தட்டுலதான் சோறு கம்மி. அப்படித்தானே?"
ஆறு வருடத்தில்
இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை.

மூன்றாவதைக் கேட்காதீர்கள்.
கிரானைட் அறுக்கும் பட்டறைக்குப் பின்னால்
கல்மாவு படிந்த தரிசில் புதைத்தேன்.
அடையாளத்துக்கு நட்ட குச்சியை
யாரோ மாடு கட்டப் பிடுங்கி
நாலடி தள்ளி அடித்துவிட்டார்கள்.
ஐந்து இடத்தில் தோண்டினேன்.
சாம்பல்நிறப் பொடி, அடியில் இறுகிய பாளம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது
தரிசு முழுக்க மஞ்சளாய்ப் புல்,
ஒரே இடத்தில் கரும்பச்சை,
முறத்தளவு.

பனியனாக இருக்கலாம்.
மாட்டு மூத்திரமாகவும் இருக்கலாம்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.