மூன்றா எட்டா

காலை வண்டி பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது.
மாலை வண்டி நான்கு பத்துக்கு.
இடையிலுள்ள நேரத்துக்குச் சம்பளம் கிடையாது,
அதனால் அது என்னுடையது.

போஸ்னானில், எங்கள் டிராம் டிப்போவுக்குப் பின்னால்
ஒரு குளம்.
செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம்.
வெட்டிய மண் எதிர்ச்சாரியில்
நான்கு மாடியாக நிற்கிறது.
பால்கனியில் யாருடைய கால்சட்டையோ
விறைத்து, ஆளில்லாமல் நடக்கப் பார்க்கிறது.
பிப்ரவரி.
குளத்தில் பாதிதான் தண்ணீர்.
மீதிப் பாதிப் பனிக்கட்டியில்
ஒரு சைக்கிள் சக்கரம்,
நூற்றுப் பதினான்கு கடற்காகங்கள்.

கடல் இங்கிருந்து அரைநாள் பயணம்.
பெயரில் மட்டும் கூடவே வருகிறது.
கோடையில் கருந்தலை; குளிரில் அது உதிர்ந்து
கண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி மிச்சம்,
பேனா எழுதுகிறதா என்று உதறிப் பார்த்ததுபோல.

உருகிய ஓரத்தில்
நாமக்கோழிகளின் பங்காளிச் சண்டை.
வரப்பில்லாத தண்ணீரில்
எந்த வரப்பைத் தாண்டிவிட்டதோ ஒன்று,
மற்றது கழுத்தை நீட்டி விரட்டுகிறது.
பச்சைத்தலை வாத்துகள்
கண்டும் காணாததுபோல் சிறகு கோதுகின்றன.

அறுபத்தேழாவதாக எண்ணிய கடற்காகத்தின்
வலது காலில் வெள்ளை வளையம்.
டி. கே. ஆறு.
நான்காவது எழுத்துக்குத் தொலைநோக்கியைத் திருகுமுன்
காலைத் தூக்கி
வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டது.

போன வருஷம் நான் படித்த வளையம்
லிதுவேனியாவில் ஒரு ஏரித்தீவில் மாட்டியது என்று
பதில் வந்தது.
ஓய்வறையில் உரக்கப் படித்தேன்.
அதற்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டான் தியோபில்.

இரண்டு மணி.
இரண்டே முக்கால்.
அது ஒற்றைக்காலில் நிற்கிறது.
என் கால் இரண்டும் மரத்துவிட்டன.
பிளாஸ்கில் பீட்ரூட் சூப் ஆறி
மேலே எண்ணெய் கட்டுகிறது.
தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதாவது
ஒன்றுமில்லாத இடத்தை.

மூன்று மணிக்குக் கிராட்சியான்,
கையில் ரொட்டிப் பையோடு.
இரண்டு குளிர்காலமாக அவரோடு எனக்குச் சண்டை.
ரொட்டி போடாதீர்கள் என்று நகராட்சி பலகை வைத்திருக்கிறது,
படிக்கத் தெரியாதா, என்பேன்.
எனக்குத் தெரியும், வாத்துக்குத் தெரியாதே, என்பார்.

இன்று நானே போய் நின்றேன்.
"கொஞ்சம் போடுங்கள்."
பையின் வாயை மடித்தார்.
"பலகையில் என்னம்மா எழுதியிருக்கிறது?"
சொன்னேன்.
"சத்தமாக."
சத்தமாகச் சொன்னேன்.
ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.

பிறகு அவர் கை வீசினார்.
பனிக்கட்டி முழுவதும் எழுந்து பறந்து வந்ததுபோல் இருந்தது.
கிறீச்சென்று நூற்றுப் பதினான்கு தொண்டைகள்.
என் கையிலும் ஒரு துண்டைத் திணித்தார்,
நானும் எறிந்தேன்,
நகராட்சி மன்னிக்கட்டும்.
அது வந்து கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்தது.
எட்டினால் தொடலாம்.
டி, கே, ஆறு,
அதன்மேல் அதன் எச்சமே காய்ந்து ஒட்டியிருந்தது.
மூன்றாக இருக்கலாம்.
எட்டாகவும்.

"இவனா?" என்றார் கிராட்சியான்.
"ஐந்து வருஷமாக வருகிறான்.
கம்பு மாவு ரொட்டிதான் தின்பான்.
இடது காலைப் பாருங்கள், நடுவிரல் கிடையாது."

இடது கால்.
ஒரு மணி நேரத்துக்கும் மேலாக
என் எதிரில் ஊன்றி நின்ற கால்.

நான்கு பத்து.
குறிப்பேட்டில் இரண்டு எண்ணும் எழுதி
இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டேன்.
விரலைப் பற்றியும் எழுதினேன்.
அனுப்பும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

குளத்து நிறுத்தத்தில் கிராட்சியான் ஏறினார்,
சீட்டைக் குத்தினார், என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.
மணியடித்தேன்.
கையுறைக்குள் ரொட்டித் துகள் ஒன்று
உள்ளங்கையை உறுத்தியது.
வளைவு வரை போகட்டும் என்று விட்டேன்.
வளைவும் போயிற்று.