ஒன்றை மட்டும் குறிக்கவும்

யீஷூன், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால்
மின்னல் இறங்கிய அரௌகேரியா.
ஊசியிலைகள் பழுத்து உதிர்ந்து எட்டு மாதம்.

படிவம் கேட்கிறது:
உயரம். சுற்றளவு. சாயும் பக்கம்.
உயிர் உண்டு / இல்லை,
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

கத்திமுனையால் பட்டையை நெம்பினேன்.
கசிந்து இறுகிய பிசினில் குங்கிலிய வாசம்.
உள்ளே மரம் மாவாய் உதிர்ந்தது.
மாவுக்குள்
என் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வெள்ளைப் புழு,
இஸ்திரி போட்டதுபோல் தட்டையாய்க் கறுப்பு வண்டு,
கறையான் போட்ட மண்சாலை,
அதை வழிமறிக்கும் எறும்பு,
கடுகிலும் சிறியதாய், பெயர் தெரியாமல்
இன்னும் பதினொன்று.

அடுக்குமாடி என்று எழுதினேன்.
அடித்துவிட்டேன்.
எந்த அடுக்குமாடியில்
குடியிருப்பவர்கள் சுவரைத் தின்கிறார்கள்?

வெட்ட வந்த மாசிலாமணி
ரம்பத்தை அணைத்துவிட்டுத்
தண்டில் காதை ஒட்டினார்.
"உள்ள யாரோ மெல்லுறாங்க அக்கா."

மேற்பார்வையாளர் ஹஃபிஸுக்கு
நாலு மணிக்குள் லாரி கிளம்ப வேண்டும்.
பேசினோம். மழை வந்தது. மறுபடி பேசினோம்.
கிளையும் மேல்பாதியும் லாரிக்கு;
அடிமரம் ஆளுயரத்துக்கு நிற்கட்டும்,
ஆறு மாதம், அப்புறம் பார்க்கலாம்.

ரயிலில் என் பையிலிருந்து
ஒரு சொடுக்கு வண்டு
மல்லாக்க விழுந்தது.
காத்திப் தாண்டியும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.
கைபேசியிலிருந்து யாரும் நிமிரவில்லை.

பிறகு, டக்.
தன்னைத் தானே சுண்டி எறிந்து
புரண்டு, நின்று,
எதிர் இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

படிவத்தை எடுத்து
இரண்டையும் குறித்தேன்.
கணினி ஏற்காது.