விம்மல்

தார்த்து அரங்கில் கொதிகலன் செத்துப்போன இரவு.
டிம்பனிக்காரன் நான்; எண்ணுவதே பாதி வேலை.

ஹெல்வி ஓபோவில் சுருதி கொடுக்கிறாள்.
குளிர்ந்த குழலுக்குள் ஒலி சோம்பி நடக்கிறது:
நானூற்று முப்பத்தெட்டு.
டார்மோவின் வயோலாக் கம்பியோ
குளிருக்குச் சுருங்கி, விறைத்து,
நானூற்று நாற்பத்தொன்று.

போன மாதம்வரை
ஒரே கதவுக்கு இரண்டு சாவி வைத்திருந்தவர்கள்.

இருவருக்கும் நடுவே காற்று
வினாடிக்கு மூன்று முறை
பொங்கி அடங்குகிறது.
பள்ளிப் பௌதிகத்தில் இதன் பெயர்
விம்மல்.

முகம் திருப்பாமல் அவன்
முறுக்காணியைத் தளர்த்துகிறான்.
மூன்று, இரண்டு, ஒன்று,
அப்புறம் எண்ண எதுவுமில்லை.

அவள் மூச்சுக்கு நின்றாள்.
கோட்டுக்குள் ஓபோவை அணைத்துக்கொண்டாள்,
சூடேற.

சூடேறினால் குழலின் சுருதி உயரும்.
அவனிடம் யாராவது சொல்லுங்கள்,
ஆணியிலிருந்து கையை எடுக்க வேண்டாமென்று.