வியாழன், ஏழு மணி

மருந்துக்கடைப் பெடியன்
ரசீதின் பின்பக்கம் கீறித் தந்த வழி:
கொக்குவில் சந்தி, ரயில் கடவை,
இடப்பக்கம் மூன்றாம் ஒழுங்கை.
நடுவில் தவறணை இருப்பதை
அவன் கீறவில்லை.

சைக்கிளை நிறுத்தவில்லை.
அந்த இடம் தாண்டுமட்டும்
மணி அடித்துக்கொண்டே போனேன்.
முன்னால் ஒருவருமில்லை.

படலையடியில் ஒரு பெண்பிள்ளை.
"ஆரைத் தேடுறியள்?"
"ரியூசன்" என்றேன்.
எனக்கு நாற்பத்தாறு வயது.
அவள் சிரிக்கவில்லை.
"வியாழக்கிழமை ரியூசன் பின்பக்கம்."

தகரக் கொட்டில், ஒற்றை ரியூப்லைற்.
கரும்பலகையில் பகல் வகுப்பின் மிச்சம்:
எதனோல்,
காபன் இரண்டும் கைகோத்தபடி.
ஒருவரும் அழிக்கவில்லை.
அதற்கு முதுகைக் காட்டி,
பிள்ளைகளின் வாங்குகளில்
முழங்கால் இடிபட ஏழு பேர்.

ஏழில் ஒருவன் யோகறஞ்சன்.
கனடாவுக்கு ஏறிவிட்டான் என்று
தவறணையில் நாங்கள் முடிவுகட்டி,
அதற்கும் ஒரு போத்தல் உடைத்தோம்.
"எப்ப வந்தனி?" என்றேன்.
"நானூற்றிப் பன்னிரண்டு நாள்."

பிளேன்ரீ தந்தார்கள்.
பாதி என் சாரத்தில்.
ஒருவரும் பார்க்கவில்லை,
பார்க்காமலிருக்கப் பழகியவர்கள்.

என் முறை.
பெயரைச் சொல்லிவிட்டேன்.
அடுத்த சொல்,
மதில்களுக்குப் பின்னாலிருந்து
இருபது வருடமாய் ஊர் என்னைக் கூப்பிட்டதுதான்,
என் வாய்க்கு மட்டும் புதுசு.
நின்றேன்.
தகரத்தில் ஏதோ காய் விழுந்து உருண்டது.
அது உருண்டு முடியுமட்டும்
எல்லாரும் பொறுத்திருந்தார்கள்.

யோகறஞ்சன் கொஞ்சம் அரக்கி
வாங்கில் இடம் விட்டான்.

இருந்தேன்.