தொழில் என்ற கட்டம்

பல் மருத்துவமனையில் நீட்டிய தாளில்
பெயர், பிறந்த தேதி, முகவரி என்று
தடையில்லாமல் ஓடிய பேனா
'தொழில்' என்ற கட்டத்தில் நின்றது.
வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி
யோசிக்கிறாள் விளாஸ்தா.

ஒஸ்ட்ராவா உருக்காலையில்
பதினாறு வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள்.
அப்போது இந்தக் கேள்வியே இல்லை.
கழுத்தில் தொங்கிய அட்டை பதில் சொல்லும்.
அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு
கழுத்து கொஞ்ச நாள் லேசாக இருந்தது,
அப்புறம் வெறுமனே இருந்தது.

முதலில் விற்றது சொந்த அடுப்பின் குமிழ்களை.
அடுப்பு செத்துவிட்டது, குமிழ்கள் பிழைத்துக் கிடந்தன.
படம் எடுத்துப் போட்டாள்.
நான்கும் ஒரே இரவில் போயின.
எங்கோ யாரோ
இடுக்கியால் அடுப்பைத் திருகிச்
சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.
வியாபாரமெல்லாம் இல்லை, வீட்டை ஒழித்தேன்
என்று தங்கையிடம் சொன்னாள்.
முந்நூறாவது குமிழ் வரை
அதையே சொன்னாள்.

முதலாளி என்றால் முதல் வேண்டும்.
தொழிலாளி என்றால் கையெழுத்துப் போட
ஒரு பதிவேடாவது.
கடை என்றால் ஒரு கதவு,
திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்று
திருப்பி மாட்ட ஒரு பலகை.
அவளிடம் இருப்பது
குளியலறையை ஒட்டி மூன்று அலமாரி,
காய்கறி நிறுக்கும் தராசு,
தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு சதவீதம்.

மீதி ஒன்று புள்ளி ஆறில்
குடியிருக்கிறார் ப்ர்னோ நகரத்துக்காரர்.
"துளை ஆறு மில்லிமீட்டர். என் அடுப்புக்கு எட்டு.
இவருக்குத் தொழில் தெரியவில்லை."
ஒற்றை நட்சத்திரம்.
அன்றிரவு தூக்கமில்லை.
வசவில் ஒரு சொல்தான் குத்திக்கொண்டே இருந்தது.
தொழில்.
இருக்கிறதா எனக்கு,
தெரியாமல் போவதற்கு?

மறுநாள் காலிப்பர் வாங்கினாள்.
துளை, ஆழம், தண்டு முழு வட்டமா
ஒரு பக்கம் தட்டையா,
ஒவ்வொரு குமிழையும் அளவுகோலின் பக்கத்தில்
படுக்கவைத்து மறுபடி படம் எடுத்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.

'நாங்கள்' என்று எழுதத் தொடங்கியதும் அப்போதுதான்.
நாங்கள் இன்றே அனுப்பிவிட்டோம்.
நாங்கள் வருந்துகிறோம்.
எழுதும்போது சமையலறையில் ஒருத்திதான் இருப்பாள்,
அதுவும் ஒரு காலில் சாக்ஸ் இல்லாமல்.
இருந்தாலும் அந்தச் சொல்
முதுகை நிமிர்த்தி உட்காரவைத்தது.
"அன்புள்ள ஐயா" என்று பதில் வரும்.
திருத்தமாட்டாள்.
அந்த நாங்களில்
ஓர் ஐயாவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரியில், வாடகைக்குக் கொஞ்சம் குறைந்த வாரம்,
பிளசென்னிலிருந்து ஒருத்தி கேட்டாள்.
அலமாரியில் கிட்டத்தட்டப் பொருந்துவது ஒன்று இருந்தது.
பசை போட்டால் நிற்கும்.
ஒரு மாதமாவது நிற்கும்.
தட்டி முடித்த பிறகே தெரிந்தது
தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று.
"இது சேராது, வாங்காதீர்கள்.
ஒலோமோட்ஸில் குமிழ்ராஜா77 என்பவரிடம்
சரியானது இருக்கிறது."

நள்ளிரவில் குமிழ்ராஜாவிடமிருந்து செய்தி:
"ஆள் அனுப்பியதற்கு நன்றி.
குளிரில் ஒட்டுநாடா பிரிந்துவிடுகிறதே,
நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?"
பன்னிரண்டே முக்கால் வரை
ஒட்டுநாடாவைப் பற்றிப் பேசினார்கள்.
உருக்காலையில் அத்தனை வருடத்தில்
எப்படிச் செய்கிறாய் என்று
ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"இதை நிரப்பவில்லையே,"
தாளை எடுக்க வந்த நர்ஸ் சொல்கிறாள்.
"வேலையில்லை என்று போட்டுவிடட்டுமா?"
"கொடுங்கள் இப்படி."

எழுதுகிறாள்:
தயாரிப்பு நின்றுபோன அடுப்புகளுக்கான
குமிழ் விற்பனையாளர்.

கட்டம் சின்னது.
'குமிழ்' என்பதோடு இடம் தீர்ந்து
கடைசிச் சொல் கோட்டைத் தாண்டி
பக்கத்துக் கட்டத்தில் போய் விழுகிறது,
'ஒவ்வாமை' என்ற தலைப்பின் கீழே.

நர்ஸ் கண்ணாடியை உயர்த்திப் படிக்கிறாள்.
"விற்பனையாளர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்களா உங்களுக்கு?"

சிரித்தால் உயிர்போகும் பல்.
சிரித்தாள்.